கலிஃபோர்னியா ஸ்டேட் பார்: அது சங்கமா, கவுன்சிலா? ஏன் கட்டாயம்?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். சென்னையில் ஆறு வருடம் பிராக்டிஸ் செய்த உங்கள் மனைவி இப்போது சான் ஹோசேயில் உட்கார்ந்து வழக்கறிஞர் லைசென்ஸுக்கான கலிஃபோர்னியா பார் தேர்வுக்குப் படிக்கிறார். தேர்வில் தேறினாலும் ‘ஸ்டேட் பார்’ என்ற அமைப்புக்குள் வந்தே ஆக வேண்டும், வருடாவருடம் 500 டாலருக்கு மேல் கட்டியாக வேண்டும் என்று தெரிந்ததும், ‘ஒரு சங்கத்தில் சேரச் சொல்லி எப்படிக் கட்டாயப்படுத்தலாம்? கட்டுகிற பணத்துக்கு நமக்கு என்ன கிடைக்கும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஏழு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்து, குடிவரவு வழக்குகள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஊர் வழக்கறிஞர் பட்டியலிலும் இந்த ஊர் வழக்கறிஞர் பட்டியலிலும் பெயர் உள்ளவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வழக்கறிஞர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கை வழக்குகளை நான் நடத்தியதில்லை. அந்தப் பகுதியைக் கட்சிக்காரர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

குழப்பம் ‘பார்’ என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. நம் ஊரில் ஒழுங்குபடுத்தும் கவுன்சிலும் வழக்கறிஞர் சங்கமும் தனித்தனி. தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் என்பது 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் கீழ் வரும் அமைப்பு. அதன் பட்டியலில் பெயர் ஏறாமல் யாரும் வழக்கறிஞர் ஆக முடியாது. மெட்ராஸ் பார் அசோசியேஷன் போன்றவை சங்கங்கள். அங்கே உட்கார இடம் கிடைக்கும், நூலகம் கிடைக்கும், நாலு பேர் பழக்கம் கிடைக்கும். சேராதவர் வக்காலத்துப் போட முடியாது என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. அமெரிக்காவில் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இந்த இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தன. அதைத்தான் ஒருங்கிணைந்த பார் என்பார்கள். முதலில் செய்தது வடக்கு டகோட்டா, 1921இல். கலிஃபோர்னியா 1927இல் சட்டம் போட்டது. நியூயார்க், இல்லினாய் போன்ற மாநிலங்கள் இந்த வழிக்கே வரவில்லை. அங்கே லைசென்ஸும் ஒழுங்கு நடவடிக்கையும் நீதிமன்றத்தின் கையில் இருக்கின்றன, சங்கத்தில் சேர்வது அவரவர் விருப்பம். ஆக, ‘கட்டாயச் சங்கம் இல்லாமல் வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தவே முடியாது’ என்று யாராவது சொன்னால் அது சரியல்ல. பெரிய மாநிலங்களே அது இல்லாமல் நடத்திக் காட்டுகின்றன.

கலிஃபோர்னியாவில் கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்றால், மாநில அரசியலமைப்பிலிருந்தே வருகிறது. வழக்கறிஞராக அனுமதி பெற்ற ஒவ்வொருவரும் ஸ்டேட் பாரின் உறுப்பினர் என்று ஆறாவது பிரிவில் எழுதியிருக்கிறது. நீதிபதியாகப் பதவியில் இருக்கும் காலத்துக்கு மட்டும் விலக்கு. எனவே உங்கள் மனைவி தனியாக மனுப் போட்டுச் ‘சேர’ வேண்டியதில்லை. உறுதிமொழி எடுத்து லைசென்ஸ் கிடைத்த அன்றே அவர் அதற்குள் வந்துவிடுவார். இன்னொன்றையும் கவனியுங்கள். 2018க்குப் பிறகு பாரின் சட்டங்களிலும் விதிகளிலும் ‘உறுப்பினர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘லைசென்ஸ் பெற்றவர்’ என்று போட ஆரம்பித்தார்கள். உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் அந்தச் சொல் மாற்றத்திலேயே இருக்கிறது. அது ஏன் மாறியது என்பதற்குப் பழைய கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

1980களில் இந்த பார் நிஜமாகவே ஒரு சங்கம் போலவும் நடந்துகொண்டது. மாநாடு நடத்தும், தீர்மானம் போடும், சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டும். துப்பாக்கிக் கட்டுப்பாடு, அணு ஆயுதக் குறைப்பு போன்ற விஷயங்களிலும் நிலைப்பாடு எடுத்தது. எட்டி கெல்லர் என்ற வழக்கறிஞரும் வேறு இருபது பேரும், ‘லைசென்ஸுக்காக நான் கட்டும் பணத்தில் என் அரசியலுக்கு எதிராக எப்படிப் பேசலாம்?’ என்று வழக்குப் போட்டார்கள். 1990இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. தொழிலை ஒழுங்குபடுத்தவும் சட்ட சேவையின் தரத்தை உயர்த்தவும் கட்டாயக் கட்டணத்தைச் செலவு செய்யலாம். அதற்குச் சம்பந்தமில்லாத அரசியலுக்குச் செலவு செய்யக் கூடாது. எது சம்பந்தம் உள்ளது, எது இல்லாதது என்ற கோடு நடுவில் மங்கலானதுதான் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனால் இரண்டு ஓரங்களும் தெளிவு. துப்பாக்கிச் சட்டத்துக்கு ஆதரவு திரட்டுவது ஒரு ஓரம், தப்பு செய்த வழக்கறிஞரைத் தண்டிப்பது மறு ஓரம்.

அதோடு சண்டை ஓயவில்லை. 1997இல் பார் கட்டணம் 478 டாலர், நாட்டிலேயே மிக அதிகம் என்று பேசப்பட்டது. இந்தக் கட்டணத்தை வசூலிக்கச் சட்டமன்றம் ஒவ்வொரு வருடமும் மசோதா போட்டு அனுமதி தர வேண்டும், இன்றைக்கும் அப்படித்தான். அந்த வருட மசோதாவில் ஆளுநர் பீட் வில்சன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பார் ஊதிப்போய்விட்டது, அரசியலில் மூக்கை நுழைக்கிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. மறு வருடம் பாரால் 77 டாலர் மட்டுமே கட்டாயமாக வசூலிக்க முடிந்தது. ஊழியர்களில் பெரும்பாலானோர் வேலையிழந்தார்கள், புகார்களை விசாரிக்கும் வேலை ஏறக்குறைய நின்றே போனது. நான் இங்கே முதலில் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தின் சீனியர் அந்த மாதங்களைப் பற்றிச் சொல்லும்போது குரலே மாறிவிடும். ஏமாந்துபோன கட்சிக்காரர்கள் வருவார்களாம், ‘எங்கே போய்ச் சொல்வது?’ என்று கேட்பார்களாம், சொல்ல இடம் இருக்காதாம். கடைசியில் 1998 டிசம்பரில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தன் சொந்த அதிகாரத்தில், ஒழுங்கு நடவடிக்கைக்கு மட்டும் என்று ஒவ்வொரு வழக்கறிஞரும் 173 டாலர் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. பாரின் அரசியல் பேச்சுக்குக் கிடைத்த அடி, அந்த அரசியலுக்குத் துளியும் சம்பந்தமில்லாத கட்சிக்காரர்கள் தலையில் விழுந்தது. சங்கத்தையும் காவல்காரரையும் ஒரே ஆளாக வைத்தால் இதுதான் ஆபத்து என்பது என் உறுதியான கருத்து.

2018 ஜனவரியில்தான் இரண்டையும் பிரித்தார்கள். கருத்தரங்கு, துறை வாரியான பிரிவுகள், வழக்கறிஞர்கள் ஒன்றுகூடும் வேலைகள் எல்லாம் கலிஃபோர்னியா லாயர்ஸ் அசோசியேஷன் என்ற தனி அமைப்புக்குப் போயின. அதில் சேர்வது விருப்பம். மாவட்ட அளவிலான சங்கங்களும் தெற்காசிய வழக்கறிஞர் சங்கங்களும் அப்படித்தான். மிச்சமிருக்கும் ஸ்டேட் பார், மாநில உச்ச நீதிமன்றத்தின் நிர்வாகக் கரம். தேர்வு நடத்துவது, லைசென்ஸ் தருவது, புகாரை விசாரிப்பது, தண்டனைக்குப் பரிந்துரைப்பது அதன் வேலை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இது இப்போது பார் கவுன்சில், அசோசியேஷன் இல்லை.

ஆனால் நம் பார் கவுன்சிலுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே கவுன்சில் உறுப்பினர்களை வழக்கறிஞர்கள் நாமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். புகாரை விசாரிக்கும் மூவர் குழுவும் வழக்கறிஞர்களைக் கொண்டதுதான். இங்கே நிர்வாகக் குழுவில் பதிமூன்று பேர். ஏழு பேர் வழக்கறிஞர்கள், ஆறு பேர் பொதுமக்கள். ஒருவர்கூட வழக்கறிஞர்களின் ஓட்டில் வருவதில்லை. வழக்கறிஞர்களில் ஐந்து பேரை மாநில உச்ச நீதிமன்றம் நியமிக்கிறது, பொதுமக்களில் நால்வரை ஆளுநர் நியமிக்கிறார், மற்றவர்கள் சட்டமன்றத்தின் இரு அவைகளிலிருந்து வருகிறார்கள். சென்னையில் பார் கவுன்சில் தேர்தல் பார்த்துப் பழகிய எனக்கு முதலில் இது ஒரு குறையாகப் பட்டது. நம்மை ஒழுங்குபடுத்தும் அமைப்பில் நமக்கு ஓட்டு இல்லையா என்று தோன்றியது. ஒரு கட்சிக்காரரால்தான் என் எண்ணம் மாறியது.

தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மா அவர். ஃப்ரீமான்ட்டில் மகளோடு இருந்தார். மகனின் குடிவரவு விண்ணப்பத்துக்காக வேறொரு வழக்கறிஞரிடம் 4,800 டாலர் கொடுத்திருந்தார். ஒரு மஞ்சப்பையைத் திறந்து காசோலை நகல்களையும் கையெழுத்துப் போட்ட ரசீதுகளையும் தேதி வாரியாக என் மேசையில் அடுக்கினார். அரசு அலுவலகத்தில் விசாரித்தால், அந்தப் பெயரில் எந்த விண்ணப்பமும் வந்து சேரவே இல்லை. ஸ்டேட் பாருக்குப் புகார் எழுதுவோம் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “வக்கீல் மேல வக்கீலுங்ககிட்டயேவா தம்பி புகார் சொல்றது?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் சொல்ல முடிந்த ஒரே நல்ல பதில், விசாரிப்பவர்களின் சம்பளமும் பதவியும் அந்த வழக்கறிஞரின் ஓட்டை நம்பி இல்லை என்பதுதான்.

நடந்தது என்னவென்று படிப்படியாகச் சொல்கிறேன், உங்கள் கட்டணம் எங்கே போகிறது என்பது அதில் தெரியும். புகார் கொடுக்கப் பணம் கட்ட வேண்டியதில்லை. பாரின் தலைமை விசாரணை வழக்கறிஞர் அலுவலகம் அதை எடுத்துக்கொண்டு, வங்கிக் கணக்குகளை வரவழைத்துப் பார்த்தது. முகாந்திரம் இருந்ததால் ஸ்டேட் பார் நீதிமன்றத்தில் வழக்கானது. ஆமாம், பாருக்கென்றே தனி நீதிமன்றம். வழக்கறிஞர் ஒழுங்கு வழக்குகளை மட்டுமே கேட்கும் முழுநேர நீதிபதிகள் அங்கே இருக்கிறார்கள். அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்திலும் இப்படி ஒன்று இல்லை. அங்கே தீர்ப்பானால் உள்ளுக்குள்ளேயே ஒரு மேல்முறையீடு உண்டு. லைசென்ஸைப் பறிக்கும் அல்லது நிறுத்திவைக்கும் கடைசி உத்தரவு மட்டும் மாநில உச்ச நீதிமன்றத்தின் கையில். அந்த வழக்கறிஞர் லைசென்ஸை இழந்தார். அதற்குப் பிறகு அந்த அம்மாவின் மனு கட்சிக்காரர் பாதுகாப்பு நிதிக்குப் போனது. லைசென்ஸ் செயலில் உள்ள ஒவ்வொருவரும் வருடம் 40 டாலர் போடுவதால் நிற்கும் நிதி அது. நேர்மையற்ற வழக்கறிஞர் கையாடிய பணத்தை, ஒரு லட்சம் டாலர் வரம்புக்குள், திருப்பித் தரும். வேலையே செய்யாமல் வாங்கிக்கொண்ட ஃபீஸும் அதில் சேரும். வழக்கறிஞரின் கவனக்குறைவால் வந்த நஷ்டம் சேராது, அதற்குத் தனியாக வழக்குப் போட வேண்டும். 4,800 டாலரும் வந்தது, ஆனால் புகார் கொடுத்து இரண்டரை வருடம் கழித்து. மகனுக்குத் தவறிப்போன காலக்கெடுவை யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

இந்த அமைப்பைப் பற்றி நல்லதை மட்டும் சொன்னால் நான் நேர்மையாக இருக்க மாட்டேன். லாஸ் ஏஞ்சலஸில் டாம் ஜிரார்டி என்ற பெரும் புகழ்பெற்ற வழக்கறிஞர், 2018இல் கடலில் விழுந்த லயன் ஏர் விமானத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு வந்த இழப்பீட்டுப் பணத்தையே கையாடியது 2020 கடைசியில் வெளியே வந்தது. அவர் மீது நாற்பது வருடங்களில் 205 புகார்கள் பதிவாகியிருந்தன என்று 2022இல் ஸ்டேட் பாரே அறிவித்தது. அத்தனை வருடமும் அவருடைய லைசென்ஸ் சுத்தமாக இருந்தது. பாருக்குள்ளேயே அவருக்குச் செல்வாக்கு இருந்ததைப் பார் நியமித்த விசாரணையே எழுதிவைத்திருக்கிறது. 2022இல் லைசென்ஸ் பறிபோனது, 2024இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. அதன் விளைவாக, சக வழக்கறிஞர் ஒருவர் கட்சிக்காரரின் பணத்தைக் கையாடுகிறார் என்று தெரிந்தால் பாருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற விதி 2023 ஆகஸ்டில் வந்தது. மற்ற மாநிலங்களில் இந்தக் கடமை பல காலமாக இருந்தது, கலிஃபோர்னியாதான் இத்தனை நாள் ஒதுங்கி நின்றது. கட்சிக்காரர் பணத்துக்காக நாம் வைத்திருக்கும் தனிக் கணக்கைப் பற்றியும் வருடாவருடம் பாரிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்று ஆக்கினார்கள். அந்தப் படிவத்தை நிரப்பும்போது சலிப்பாகத்தான் இருக்கும். அப்போதெல்லாம் மஞ்சப்பையை நினைத்துக்கொள்வேன்.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி சொல்வது இன்னும் முடிவாகாத விஷயம். கட்டாய பார் அமெரிக்க அரசியலமைப்புக்கு உட்பட்டதுதானா என்பதே இப்போது மறுபடி கேள்வியாகியிருக்கிறது. 1990 தீர்ப்பு, தொழிற்சங்கக் கட்டணம் பற்றிய ஒரு பழைய தீர்ப்பின் மேல் கட்டப்பட்டது. அந்தப் பழைய தீர்ப்பை 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே கைவிட்டது. அஸ்திவாரம் போய்விட்டதே, மேல் மாடி நிற்குமா என்று பல மாநிலங்களில் வழக்குகள் வந்தன. 2020இல் விஸ்கான்சின் வழக்கை எடுக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது, இரண்டு நீதிபதிகள் மட்டும் எடுத்திருக்க வேண்டும் என்றார்கள். 2021இல் டெக்சாஸ் பாருக்கு எதிராக ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிலுக்குச் சம்பந்தமில்லாத காரியங்களில் இறங்கும் பாரில் கட்டாயமாக உறுப்பினராக வைப்பதே தவறு என்றது. அதே நீதிமன்றம் 2023இல் லூயிசியானா பாரின் சமூக ஊடகப் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, அக்ரூட் பருப்பு உடம்புக்கு நல்லது என்ற பதிவுகூட வழக்கறிஞர் தொழிலுக்குச் சம்பந்தமில்லாதது என்று சொன்னது. படிக்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அதன் தர்க்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. சேராமல் இருக்கும் உரிமையை ஒருவரிடமிருந்து எடுத்துக்கொண்ட அமைப்பு, தன் வேலையைத் தாண்டி ஒரு அடியும் வைக்கக் கூடாது. சங்க வேலைகளை வெளியே அனுப்பிவிட்டதால் கலிஃபோர்னியாவுக்கு இந்த வழக்குகளால் ஆபத்து குறைவு என்று நினைக்கிறேன். இது என் கணிப்பு, தீர்ப்பு இல்லை.

பணத்துக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு நேரடியாகச் சொன்னால், உங்கள் மனைவிக்குத் தனிப்பட்ட முறையில் கிடைப்பது கொஞ்சம்தான். தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணம் ஒரே ஒரு தடவை. 2024 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் அதையும் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு வக்காலத்தில் ஒட்டும் நலநிதி ஸ்டாம்ப் வழியாக, வழக்கறிஞர் இறந்தால் குடும்பத்துக்கு ஒரு தொகை போகிறது. அங்கே பார் என்பது கொஞ்சம் நம் குடும்பத்துக்கும் ஆனது. இங்கே கட்டணம் வருடாவருடம், அதில் பெரும்பகுதி நம்மைக் கண்காணிக்கத்தான் செலவாகிறது. அதை நான் குறையாகப் பார்க்கவில்லை. பாரின் வலைத்தளத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு வழக்கறிஞரின் பெயரைப் போட்டுத் தேடி, லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, தண்டனை ஏதாவது உண்டா என்று அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். முன்பின் தெரியாத ஊரில் ஒருவர் என்னை நம்பி உள்ளே வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். வேலை கிடைக்கத் தாமதமானால் லைசென்ஸை ‘செயலில் இல்லை’ என்ற நிலையில் வைத்துக்கொள்ளலாம், கட்டணம் கணிசமாகக் குறையும். ஆனால் அந்தக் காலத்தில் கலிஃபோர்னியாவில் ஒரு வழக்கும் பார்க்கக் கூடாது, சட்ட ஆலோசனையும் சொல்லக் கூடாது. செயலில் இருந்தால் மூன்று வருடத்துக்கு 25 மணி நேரம் தொடர்கல்வி முடிக்க வேண்டும். வருமானம் குறைவாக இருந்தால் கட்டணத்தில் ஒரு பகுதி தள்ளுபடி கேட்கலாம். தொகை ஒவ்வொரு வருட மசோதாவிலும் மாறும் என்பதால் பழைய பதிவுகளில் உள்ள எண்களை நம்பாமல் பாரின் தளத்தில் அந்த வருடத்துத் தொகையைப் பாருங்கள். 2025 பிப்ரவரித் தேர்வில் கணினிக் கோளாறுகளால் ஏராளமானோர் அவதிப்பட்டார்கள், அதனால் தேர்வு முறை மறுபடி மாற்றப்பட்டது. அதற்கு முந்தைய வழிகாட்டிகளையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம்.

இந்தியாவில் ஏற்கனவே வழக்கறிஞராக இருப்பவர் இங்கே மறுபடி சட்டம் படிக்காமலே தேர்வு எழுதலாம் என்பது கலிஃபோர்னியா தரும் பெரிய சலுகை. ஆனால் தேர்வு மட்டும் போதாது. தொழில் ஒழுக்கத் தேர்வு தனி, நன்னடத்தை விசாரணை தனி. அந்த விசாரணை ஆறு மாதத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஏதாவது புகார், வழக்கு, பழைய கடன் பாக்கி இருந்தால், சின்னதாக இருந்தாலும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். மறைத்தது தெரிந்தால் அதுவே பெரிய தடையாகும். தமிழ்நாட்டுப் பட்டியலில் பெயர் நல்ல நிலையில் இருக்கிறது என்று பார் கவுன்சில் தரும் சான்றிதழும் வேண்டும். அதற்கு உயர் நீதிமன்ற வளாகத்துக்கு நேரில் போய்வரக்கூடிய பழைய சகா யாராவது இருந்தால் இப்போதே சொல்லிவையுங்கள். சான்றிதழில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று அவர் வாங்கும்போதே பார்க்க வேண்டும். தகப்பனார் பெயரை ஒரு தாளில் தலைப்பெழுத்தாகவும் இன்னொன்றில் முழுசாகவும் போட்டதாலேயே என் விண்ணப்பம் மூன்று மாதம் நின்றது.